இயற்கணிதம் பிடிக்கிறது, அடுத்து என்ன படிப்பது? வேலூர் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கங்களில் கணக்கில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் வழி பெரும்பாலும் ஒன்றே ஒன்று: இன்ஜினியரிங். அது தவறான வழி இல்லை. ஆனால் கணிதத்தையே மேலே படிக்க வேறு நாலைந்து கதவுகள் உண்டு. அவை திறப்பது ஒவ்வொரு மாதத்தில். கேட்கிற தாளும் ஒவ்வொரு விதம். பத்தாம் வகுப்பு முடித்தவர், பிளஸ் 2 படிப்பவர், பி.எஸ்சி. சேர்ந்தவர் என மூன்று தரப்பினருக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய எண்ணிலிருந்து படித்துக்கொள்ளலாம். முதல் இரண்டை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

1. மூன்று கணக்கில் உங்களைச் சோதியுங்கள்

மார்க்கைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிளஸ் 2 கணிதத் தாள் 90 மதிப்பெண். ஒரு மார்க் 20, இரண்டு மார்க் 7, மூன்று மார்க் 7, ஐந்து மார்க் 7. புக் பேக் கணக்குகளை நான்கு முறை போட்டுப் பார்த்தவர் இதில் 90-ஐ நெருங்கிவிடலாம். மேற்படிப்பில் கணிதம் அவருக்கு ஒத்துவருமா என்பதை அந்த 90 சொல்லாது.

ஒரு வெள்ளைத் தாள், கடிகாரம், கீழே உள்ள மூன்று கணக்கு. கைடு வேண்டாம், செல்போன் வேண்டாம். (தெரியாத எண்ணை இங்கே ய என்று எழுதியிருக்கிறது. உங்கள் நோட்டில் வழக்கமான எழுத்தையே போட்டுக்கொள்ளுங்கள்.)

அ) √(ய + 7) = ய − 5. தீர்வு காண்க. நேரம் 5 நிமிடம்.

ஆ) ய³ − 2ய² + 3ய − 5 = 0 என்பதன் மூன்று மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன வரும்? நேரம் 5 நிமிடம்.

இ) ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூன்று கெழுக்களும் ஒற்றைப்படை முழு எண்கள். அதற்கு விகிதமுறு மூலம் இருக்கவே முடியாது என்று நிறுவுக. நேரம் 30 நிமிடம்.

முதல் கணக்கில் இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ய² − 11ய + 18 = 0. மூலங்கள் 9, 2. இரண்டையும் விடையாக எழுதியிருந்தால் தவறு. 2-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோவதால் இல்லாத மூலம் ஒன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. விடை 9 மட்டும். இதில் தவறியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, இரண்டு வாரத்தில் சரியாகிற பழக்கம்தான்.

இரண்டாவதில் மூலங்களின் கூடுதல் 2, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 3. ஆகவே வர்க்கங்களின் கூடுதல் 2² − 2×3 = −2. இங்கே பலர் நின்றுவிடுவார்கள். ‘வர்க்கங்களைக் கூட்டினால் எப்படி மைனஸ் வரும்? எங்கேயோ தப்பு’ என்று அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள். தப்பே இல்லை. மூலங்கள் எல்லாம் மெய்யெண்களாக இருக்க முடியாது என்பதைத்தான் அந்த −2 சொல்கிறது. விடையைப் பார்த்து ‘அப்படியென்றால்?’ என்று ஒரு நொடி யோசித்தீர்களா என்பதே இந்தக் கணக்கின் சோதனை.

மூன்றாவதுதான் முடிவு சொல்லும் கணக்கு. மூலத்தைச் சுருங்கிய பின்னமாக வைத்து, பகுதியை ஒழிக்கப் பெருக்கினால் மூன்று உறுப்புகள் கிடைக்கும். தொகுதியும் பகுதியும் இரண்டும் ஒற்றை என்றால் மூன்று உறுப்புகளும் ஒற்றை, கூடுதலும் ஒற்றை. ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை என்றால் இரண்டு உறுப்புகள் இரட்டை, ஓர் உறுப்பு ஒற்றை; மறுபடியும் கூடுதல் ஒற்றை. இரண்டும் இரட்டை என்றால் பின்னம் சுருங்கியதே இல்லை. பூச்சியமோ இரட்டை எண். ஆகவே முடியாது. முழுதாக வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த 30 நிமிடமும் தாளை விட்டு எழுந்திருக்காமல் நான்கைந்து எடுத்துக்காட்டுகளை எழுதிப் பார்த்திருந்தால், பி.எஸ்சி. கணிதமோ அதற்கு மேலோ உங்களுக்கு ஒத்துவரும். ‘நிறுவுக’ என்ற சொல்லே எரிச்சலூட்டியது, முதல் இரண்டும் சுலபம் என்றால் இன்ஜினியரிங், புள்ளியியல், கணினி பக்கம் போங்கள். அங்கும் கணக்கு நிறையவே உண்டு. பி.எஸ்சி. கணிதத்தில் மூன்றாம் ஆண்டு முழுக்க ‘நிறுவுக’தான்.

2. நாலு பேர் சேர்ந்து கணக்குப் போடுவது

தனியாகப் போடும்போது உங்கள் தப்பு உங்களுக்குத் தெரியாது. நாலு பேர் போதும், அதிகம் போனால் ஐந்து. ஆறு பேர் ஆனால் இரண்டு பேர் போடுவார்கள், நாலு பேர் பார்த்து எழுதுவார்கள். எல்லோரும் ஒரே அளவு கெட்டிக்காரர்களாக இருக்கத் தேவையில்லை. ஒருவராவது ‘ஏன்?’ என்று விடாமல் கேட்பவராக இருந்தால் நல்லது.

இடமும் நேரமும் முதலில். மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், பேச முடியாது. கோட்டைப் புல்வெளி ஞாயிற்றுக்கிழமை திருவிழா மாதிரி. பள்ளித் தாழ்வாரமோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியோ போதும். ஏப்ரல், மே என்றால் காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிடுங்கள். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் மாடியில் இயற்கணிதம் ஏறாது.

ஒரு அமர்வுக்கு ஐந்து கணக்கு, 90 நிமிடம். முதல் 30 நிமிடம் யாரும் பேசக்கூடாது. அவரவர் தாளில் அவரவர் முயற்சி. பிறகு முதலில் பேச வேண்டியவர் விடை வந்தவர் அல்ல, மாட்டிக்கொண்டவர். ‘எனக்கு இந்த வரி வரை வந்தது, இதற்கு மேல் போகவில்லை’ என்று அவர் சொன்ன பிறகு மற்றவர் அந்த வரியிலிருந்து தொடர வேண்டும். விடை வந்தவர் முதலில் கரும்பலகையைப் பிடித்தால் மற்ற மூன்று பேருக்கும் அன்று சினிமா பார்த்த கணக்குதான். கைடு நடுவில் கிடக்கட்டும், கடைசிப் பத்து நிமிடத்தில் திறக்கலாம். வாட்ஸ்அப்பில் கணக்கைப் போட்டால் 24 மணி நேரத்துக்கு விடைப் படம் போடக்கூடாது என்று முன்பே பேசி வையுங்கள். ‘இரண்டாவது வரியில் குறியைப் பார்’ என்ற அளவில் துப்பு சொல்லலாம்.

ஆளுக்கொரு 200 பக்க நோட்டு தப்புகளுக்கென்றே. அதில் சரியான விடை எழுத வேண்டாம்; எங்கே, ஏன் தப்பியது என்ற ஒரு வரி மட்டும். மூன்று மாதத்தில் உங்கள் தப்புகள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். அதிகம் வருபவை இவை:

ய³ = 4ய என்பதை ய-ஆல் வகுத்து ய² = 4 என்று எழுதினால் பூச்சியம் என்ற மூலம் காணாமல் போகும். வகுக்காதீர்கள், ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்.

3/(ய − 2) > 1 என்ற அசமன்பாட்டில் ய − 2-ஆல் பெருக்கி ய < 5 என்று முடித்தால் தவறு. ய − 2 குறை எண்ணாக இருந்தால் குறி திரும்பும். சரியான விடை 2-க்கும் 5-க்கும் இடையில் மட்டும். ய = 0 போட்டுப் பார்த்தாலே தெரியும்: −1.5 எப்படி 1-ஐ விடப் பெரியது?

ய + 1/ய எப்போதும் 2-க்குக் குறையாது என்று மனப்பாடமாகச் சொல்வது. ய மிகை எண்ணாக இருந்தால் மட்டும்.

நீளமான விரிவாக்கம் ஏதாவது போட்டால் ய = 1 என்று வைத்துச் சரிபாருங்கள். (ய + 2)³ விரிவில் கெழுக்களைக் கூட்டினால் 27 வர வேண்டும். பத்து விநாடி வேலை, பாதித் தப்புகள் அங்கேயே பிடிபடும்.

பாடநூல்களைக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பிளஸ் 2 முதல் தொகுதியில் ‘சமன்பாட்டியல்’, இரண்டாம் தொகுதியின் கடைசியில் ‘தனிநிலைக் கணிதம்’, இரண்டையும் விடாதீர்கள். பின்னது கடைசிப் பாடம் என்பதால் சாய்ஸில் விடுவது வழக்கம். ஈருறுப்புச் செயலி என்று அதில் வருவதுதான் பி.எஸ்சி.யில் வரும் குலக் கொள்கைக்கு (குரூப் தியரி) வாசல்.

3. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு

கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் சேர்ந்தால் பி.எஸ்சி. கணிதமும் இன்ஜினியரிங்கும் ஏறக்குறைய மூடிவிடும். ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பதை நம்பாதீர்கள், மாற்றுவது முதல் சில வாரங்களுக்குள் மட்டுமே நடக்கிற காரியம். வணிகக் கணிதம் வேறு பாடம், கணிதம் வேறு பாடம்.

கணிதம், இயற்பியல், வேதியியலுடன் உயிரியலா, கணினி அறிவியலா? ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் கண் வைத்திருந்தால் உயிரியல் பக்கம் ஒரு சாதகம் இருக்கிறது, காரணம் 4-ல். மற்ற வழிகளுக்கு எது எடுத்தாலும் ஒன்றுதான்.

சிபிஎஸ்இ பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் ‘பேசிக்’ கணிதத் தாள் எடுக்க வேண்டாம். ஸ்டாண்டர்ட் எடுங்கள், பிளஸ் 1 சேரும்போது அனுமதிக்காக நிற்க வேண்டியிருக்காது.

8 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு ஐஓக்யூஎம் என்ற கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வு உண்டு. வழக்கமாகச் செப்டம்பரில். 30 கேள்வி, 3 மணி நேரம், 100 மதிப்பெண், விடைகள் எல்லாம் இரண்டு இலக்கத்துக்குள் முழு எண்கள். தேறாவிட்டாலும் இழப்பில்லை. பள்ளித் தாளுக்கு வெளியே கணக்கு எப்படி இருக்கும் என்று காட்டும் மலிவான வழி இது. பதிவு ஜூன், ஜூலை வாக்கில் தொடங்கிவிடும், பள்ளியில் யாரும் சொல்லாமலே முடிந்தும்விடும்.

4. பிளஸ் 2 படிப்பவர்களுக்கு: எந்தக் கதவு, எந்த மாதம்

உள்ளூரில் பி.எஸ்சி. கணிதம். வேலூர் ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, குடியாத்தத்தில் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி, வாலாஜாபேட்டையில் அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி. தனியார் தரப்பில் வேலூர் ஊரீசு, காட்பாடி ஆக்சிலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி.

அரசுக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே இணைய விண்ணப்பம், பிளஸ் 2 முடிவு வரும் மே மாதத்தில். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். இங்கே பலர் ஏமாறுவது தரவரிசையில். கணிதத்தில் சென்டம் வாங்கியதால் கணிதத்தில் இடம் உறுதி என்று நினைப்பார்கள். தரவரிசையோ மொழிப்பாடங்கள் தவிர நான்கு பாடங்களின் 400-க்கு எடுக்கப்படுகிறது. இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கணிதத்துக்குக் கனம் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கும். அழைத்த நாளில் அசல் சான்றிதழ்களோடும் பணத்தோடும் நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தனியார் கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இது எய்டட்டா (அரசு உதவி பெறுவது), செல்ஃப் பைனான்ஸா (அரசு உதவி இல்லாதது)?’ ஒரே கல்லூரியில், ஒரே பெயருள்ள படிப்பு இரண்டு வகையிலும் நடக்கலாம். கட்டணம் பல மடங்கு வேறுபடும். ஷிப்ட் நேரமும் வேறு. குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்துபோகிறவர்களுக்கு மாலை ஷிப்ட் என்றால் கடைசிப் பஸ்ஸை முதலில் விசாரியுங்கள். மூன்று வருடக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். முதல் வருடத் தொகையை மட்டும் சொல்வது வாடிக்கை.

சென்னை கணிதவியல் கழகம், சிறுசேரி. கணிதமும் கணினியும் சேர்ந்த பி.எஸ்சி. நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம், விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே. அதாவது நீங்கள் பொதுத்தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கும் நாட்களில். தாள் இரண்டு பகுதி. முதல் பகுதி சுருக்க விடை. அதில் குறிப்பிட்ட அளவு தேறினால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்தவே எடுப்பார்கள். இரண்டாம் பகுதி முழுக்க விளக்கி எழுதுவது. மேலே சொன்ன மூன்றாவது கணக்கு அங்கே எளிய வகை. விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது. அரைகுறையாக இருந்தாலும் தர்க்கம் சரியென்றால் மதிப்பெண் உண்டு. பழைய தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கின்றன. ஐந்து வருடத் தாளாவது உங்கள் நாலு பேர் குழுவில் போடுங்கள்.

இந்தியப் புள்ளியியல் கழகமும் கொல்கத்தாவில் புள்ளியியல், பெங்களூரில் கணிதம் என்று பட்டப்படிப்பு நடத்துகிறது. சேர்க்கை முறையை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், பழைய யூடியூப் காணொளியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஐசர். பட்டமும் மேற்பட்டமும் சேர்ந்த பி.எஸ்-எம்.எஸ்., ஐந்தாண்டு. நமக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பதி ஐசர், ஏர்பேடு பக்கம். காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயில் உண்டு. அவர்களுடைய நுழைவுத் தேர்வில் 60 கேள்வி, 3 மணி நேரம். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் தலா 15. சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, மொத்தம் 240. கணினி குரூப் மாணவர் உயிரியல் 15-ஐ விட்டுவிட்டால் 60 மதிப்பெண் தொடாமலே போகும். அதற்காக இரண்டு வருட உயிரியலையும் படித்துத் தீர்க்க வேண்டாம். மரபியல், செல் போன்ற நாலைந்து பாடங்களை மட்டும் தயார் செய்து, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் குறிப்பது லாபம். பிளஸ் 1 பாடத்திலிருந்தும் கேள்வி வரும்.

தேர்வு மையம் சென்னையில் விழுந்தால் காட்பாடியிலிருந்து எக்ஸ்பிரஸில் சுமார் இரண்டு மணி நேரம். காலைத் தேர்வு என்றால் முதல் நாளே போய்விடுங்கள். அன்று அதிகாலை ரயிலை நம்பி மையத்துக்கு வெளியே நிற்பவர்கள் எல்லா வருடமும் உண்டு.

5. சான்றிதழ்கள்

அதிகப் பேர் சறுக்குவது கணக்கில் அல்ல, இங்கேதான்.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு நம் வழக்கமான சாதிச் சான்றிதழ் பிசி, எம்பிசி மாணவர்களுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த மேல்தட்டு) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்றதாகக் கேட்பார்கள். மார்ச்சில் முன்கூட்டியே எடுத்து வைத்தவர் மறுபடி இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டியதுதான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். மையக் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகை எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்து, நகராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றானது. வீட்டில் இருக்கும் பழைய ஆவணங்களில் வேலூர் என்றிருந்தாலும் இப்போது உங்கள் தாலுகா ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கலாம். விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக முன்னால். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். ஆதாரைத் திருத்துவதானால் டிசம்பருக்குள் முடியுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழ் இன்ஜினியரிங் போன்ற தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்குத்தான் உதவும். பி.எஸ்சி. சேர்கிறவர் அதற்காக அலைய வேண்டியதில்லை. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பள்ளியை விட்டு வரும்போதே எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் எண்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டி.சி.யின் அசல் ஒன்றுதான். ஜூனில் ஓரிடத்தில் கொடுத்துவிட்டு ஜூலையில் வேறிடத்தில் இடம் கிடைத்தால் திரும்ப வாங்க அலைச்சல். எல்லாவற்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ், ஒரு செட் ஸ்கேன், எட்டுப் புகைப்படம்.

6. பி.எஸ்சி. சேர்ந்த பிறகு

முதல் இரண்டு வருடம் கணக்கு கிட்டத்தட்ட பிளஸ் 2 மாதிரியே போகும். மூன்றாம் வருடம் குலக் கொள்கையும் மெய்ப் பகுப்பாய்வும் (ரியல் அனாலிசிஸ்) ஒரே பருவத்தில் வந்து நிற்கும். அரியர் விழுவது அங்கேதான். அதற்கு முன்பே இந்த மாதிரிக் கணக்கைத் தொட்டுப் பாருங்கள்: ஒரு குலத்தில் எந்த இரு உறுப்பு க, ச எடுத்தாலும் (கச)² = க²ச² என்றால், அது பரிமாற்றுக் குலம் (எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே) என்று காட்டுக. விரித்தால் கசகச = ககசச (கசகசா அல்ல). இருபுறமும் இடது ஓரத்தில் ஒரு க, வலது ஓரத்தில் ஒரு ச நீக்கினால் சக = கச. இரண்டே வரி. ஆனால் (கச)² என்பதைப் பழக்க தோஷத்தில் விரிக்காமலே க²ச² என்று எழுதுகிறவர் இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்பதையே பார்க்க மாட்டார்.

எம்.எஸ்சி.க்கு ஐஐடி போக நினைப்பவர்களுக்கு ஜாம் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு தாளுக்குக் கட்டணம் சுமார் 2,000 ரூபாய். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் பாதி. இதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று. பல கல்லூரிப் பாடத்திட்டங்களில் நேரியல் இயற்கணிதம் ஆறாவது பருவத்தில், அதாவது டிசம்பருக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜாம் தாளிலோ அது பெரிய பங்கு. கல்லூரி வேகத்தில் போனால் பாடம் பாதியில் இருக்கும்போதே தேர்வு முடிந்துவிடும். ஆகவே நான்காம் பருவ விடுமுறையிலேயே வெக்டர் வெளி, தரம், ஐகன் மதிப்பு ஆகியவற்றைச் சொந்தமாகத் தொடங்குங்கள். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு வேண்டுமென்றால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். 12 வாரப் பாடத்தில் வாராந்திரப் பயிற்சி 25, தேர்வு 75. வாராந்திரப் பயிற்சியை நண்பரைப் பார்த்து எழுதினால் 25 கிடைக்கும், 75 கிடைக்காது.

கோடையில் எம்டிடிஎஸ் என்ற கணிதப் பயிற்சி முகாம் 1993 முதல் நடக்கிறது. அங்கே பாடம் நடத்தும் முறையே கேள்வி கேட்பதுதான், அதனால் உங்கள் நாலு பேர் குழுப் பழக்கம் நேரடியாக உதவும். விண்ணப்பத்தில் ஆசிரியர் பரிந்துரை கேட்பார்கள். கடைசி நாளில் போய் நிற்காமல் பத்து நாள் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் வேலைதான் குறி என்றால் பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு, மொத்தம் ஏழு வருடம். முதுநிலை ஆசிரியர் பணிக்கு இரண்டு மேற்பட்டமும் வேண்டும். எம்.எஸ்சி. சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழக வளாகத்திலோ மேலே சொன்ன கல்லூரிகள் சிலவற்றிலோ படிக்கலாம். பி.எட். முடித்த கையோடு எம்.எஸ்சி.யைத் தொலைநிலையில் முடிப்பவர்களும் உண்டு; அப்படியானால் சேருமுன் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கல்வியாண்டில் இரண்டு பட்டங்களைச் சேர்த்துப் படித்திருந்தால் பணி நியமனச் சரிபார்ப்பில் சிக்கல் வரலாம், தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.